லிபெரா.சாட்டில் என் நிக்கை (அரட்டைப் பெயரை)ப் பதிவு செய்து காப்பாற்றிக்கொள்வது எப்படி?

கரிசல்வெளி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்றின் தமிழாக்கப் பணிக்காகக் கடந்த நான்கு மாதங்களாக ஐ.ஆர்.சி. என்ற எழுத்துவழி இணைய அரட்டைக்கு வந்துபோகிறேன். அத்திட்டத்தின் பேச்சுவார்த்தைகள் அனைத்தும் லிபெரா.சாட் வலையமைப்பில்தான் நடக்கின்றன. முதல் நாள் செயலி என்ன பெயர் வேண்டும் என்று கேட்டது, மனத்தில் தோன்றிய ஒரு பெயரைத் தட்டினேன், கிடைத்தது, அதையே வைத்துக்கொண்டேன். அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சென்ற மாதம் ஊர்த் திருவிழாவுக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து இணைந்தபோது, அந்தப் பெயர் ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பதாக 433 என்ற எண்ணுடன் ஒரு பிழைச்செய்தி வந்தது. என்னுடைய பழைய இணைப்புதான் அறுந்துபோகாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று முதலில் எண்ணினேன். அப்படியில்லை. உண்மையாகவே வேறொருவர் அதே பெயரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் ஒருங்கிணைப்பாளர் நான்தான் என்று நினைத்து நிலுவையில் இருந்த கோப்பைப் பற்றி அவரிடம் கேட்டிருக்கிறார். அவரும் ஏதோ பொதுவான வேண்டுகோள் என்று நினைத்துக்கொண்டு, பார்க்கிறேன் என்று பணிவாகப் பதில் சொல்லியிருக்கிறார். அந்தப் பதிலை நம்பி ஒரு வாரம் காத்திருந்துவிட்டார்கள். அவர் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அவர் எதையும் திருடவில்லை. ஆனால் ஒரு பெயரை நம்பி நான்கு மாதம் வேலை செய்தவனுக்கு இது சங்கடமாகவே இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் பெயர்களைப் பதிவு செய்யும் நிக்சர்வ் என்றொரு சேவை இருப்பதை அறிந்து, வேறொரு பெயரில் பதிவு செய்ய முயன்றேன். கட்டளையின் தொடக்கத்தில் வரும் சாய்கோட்டுக்கு முன்னால் தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்துவிட்டது, செயலி அதைச் சாதாரணப் பேச்சாக எடுத்துக்கொண்டது. அந்த வரி, கடவுச்சொல்லும் மின்னஞ்சல் முகவரியும் சேர்ந்து, அறுபது பேர் இருக்கும் சேனலில், அதாவது பொது அரட்டை அறையில், போய் விழுந்தது. யாரோ சிரிப்புக்குறி ஒன்றைப் போட்டார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு வெளியேறிவிட்டேன்.

இனி என்ன செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் முறையாகச் சொல்ல வேண்டுகிறேன். பழைய பெயரை மீட்க வழியுண்டா, பதிவுக்கு உண்மையான மின்னஞ்சல் கொடுத்தே ஆக வேண்டுமா, பதிவு செய்தபின் நான் இல்லாத நேரத்தில் அந்தப் பெயரை வேறு யாரும் எடுக்க முடியாது என்று நம்பியிருக்கலாமா என்பவைதாம் எனக்குள்ள ஐயங்கள்.

திண்ணைவாசி எழுதியது:

கரிசல்வெளி அவர்களுக்கு, முதலில் அந்தக் கடவுச்சொல்லை மறந்துவிடுங்கள். சேனலில் விழுந்த வரியை ஐ.ஆர்.சி.யில் திரும்ப எடுக்க முடியாது. அங்கிருந்த அறுபது பேரின் கணினியிலும் அது போய்ச் சேர்ந்துவிட்டது, சேனலின் உரையாடல்களைப் பொதுவில் சேமிக்கும் வழக்கம் இருந்தால் தேடுபொறிக்கும் நாளை அது கிடைக்கும். அதே கடவுச்சொல்லை உங்கள் மின்னஞ்சலுக்கோ வேறு எதற்கோ வைத்திருந்தால், இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்கு முன் அங்கே போய் மாற்றிவிட்டு வாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, ஐ.ஆர்.சி.யில் நெடுங்காலம் இருப்பவர்களில் இந்தத் தவற்றை ஒரு முறையேனும் செய்யாதவரை நான் பார்த்ததில்லை. அதற்காகவே நாங்கள் இத்தகைய கட்டளைகளைச் சேனல் சன்னலில் தட்டுவதில்லை. சர்வரின் செய்திகள் வந்து விழும் தனிச் சன்னல் ஒன்று பெரும்பாலான செயலிகளில் இருக்கிறது. அங்கே தட்டினால், சாய்கோடு விடுபட்டாலும் இடைவெளி விழுந்தாலும் அது யாருக்கும் போகாது.

இனிப் பதிவு. கட்டளைச் சொற்களைத் தமிழ் ஒலிப்பில் எழுதுகிறேன். செயலியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் இட வேண்டும். எந்தப் பெயரைப் பதிவு செய்ய விரும்புகிறீர்களோ அந்தப் பெயரை முதலில் சூடிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் நீங்கள் எந்தப் பெயரில் இருக்கிறீர்களோ அதைத்தான் நிக்சர்வ் பதிவு செய்யும். பிறகு நிக்சர்வுக்குத் தனிச்செய்தியாக ‘ரெஜிஸ்டர்’ என்ற சொல்லையும், அதையடுத்துக் கடவுச்சொல்லையும், அதையடுத்து மின்னஞ்சல் முகவரியையும் ஒரே வரியில் அனுப்ப வேண்டும். மின்னஞ்சலில் ஒரு குறியீடு வரும். அதில் உள்ள ‘வெரிஃபை’ என்று தொடங்கும் வரியை அப்படியே நகலெடுத்து அனுப்பினால்தான் பதிவு முழுமை பெறும். ஒரு நாளுக்குள் இதைச் செய்யாவிட்டால் அந்தப் பதிவு தானாகவே அழிந்துவிடும். பலரும் இந்த இரண்டாம் படியை விட்டுவிட்டு, நேற்றுத்தானே பதிவு செய்தேன் என்று மறுநாள் வந்து திகைப்பார்கள்.

ஆகவே மின்னஞ்சல் உண்மையானதாகத்தான் இருக்க வேண்டும். அது மற்றப் பயனர்களுக்குக் காட்டப்படாது. கடவுச்சொல்லை மறந்தால் மீட்புக் குறியீடு அந்த முகவரிக்குத்தான் வரும் என்பதால், நாளைக்கும் உங்கள் கையில் இருக்கப்போகும் முகவரியைக் கொடுங்கள். 

பழைய பெயரைப் பொறுத்தவரை, நிக்சர்வுக்கு ‘இன்ஃபோ’ என்ற சொல்லோடு அந்தப் பெயரை அனுப்பிப் பாருங்கள். அது பதிவாகியிருக்கிறதா, எப்போது பதிவானது, கடைசியாக எப்போது பயன்பட்டது என்ற விவரங்கள் வரும். பதிவாகவில்லை என்றால், அவர் இல்லாத நேரத்தில் நீங்கள் அதைச் சூடிப் பதிவு செய்துகொள்வதை நிக்சர்வ் தடுக்காது. ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்வதுதான் நாகரிகம். பதிவாகியிருந்தால் உங்கள் நான்கு மாதப் புழக்கத்தைக் காட்டி உரிமை கோர முடியாது. இங்கே முதலில் பயன்படுத்தியவர் என்ற கணக்கே கிடையாது. முதலில் பதிவு செய்தவர் என்ற கணக்குதான் உண்டு. நெடுநாள் பயன்படாமல் காலாவதியான பதிவு என்றால் மட்டும், வலையமைப்பின் உதவிச் சேனலில் பணியாளர்களைக் கேட்டு அதை விடுவித்துத் தரச் சொல்லலாம்.

பதிவு முடிந்ததும் அன்றைக்கே செய்ய வேண்டிய இன்னொரு வேலை எஸ்.ஏ.எஸ்.எல். என்ற உள்நுழைவு முறையை அமைப்பது. இதைத்தான் நான் மிகவும் வலியுறுத்துவேன். நிக்சர்வுக்கு ஒவ்வொரு முறையும் ‘ஐடென்டிஃபை’ என்று கடவுச்சொல்லை அனுப்புவது பழைய முறை. அதில் நீங்கள் முதலில் உள்ளே வந்துவிடுகிறீர்கள், பிறகுதான் நீங்கள் யார் என்று நிரூபிக்கிறீர்கள். அதற்குள் செயலி தானாகச் சேனல்களில் நுழைந்து, உங்கள் வீட்டு இணைய முகவரியை அங்கிருப்பவர்கள் அனைவருக்கும் காட்டிவிடும். எஸ்.ஏ.எஸ்.எல். முறையில், இணைப்பு முழுமை பெறுவதற்கு முன்னரே சர்வர் உங்கள் கணக்கைச் சரிபார்த்துவிடுகிறது. முகவரியை மறைக்கும் ‘குளோக்’ என்ற வசதியைக் கேட்டுப் பெற்றிருந்தால், அதுவும் நீங்கள் சேனலில் கால் வைப்பதற்கு முன்பே போர்த்தப்பட்டுவிடும். கட்டளையைத் தவறாகத் தட்டிக் கடவுச்சொல்லைச் சிந்தும் ஆபத்தும் அதோடு ஒழிகிறது, ஏனென்றால் அமைப்புப் பக்கத்தில் ஒரு முறை எழுதிவைத்த பிறகு நீங்கள் அதைத் தட்டவே போவதில்லை. 6667 என்ற பழைய வாயிலில் (போர்ட்) எல்லாம் மறைக்குறியாக்கம் இல்லாமல் திறந்தபடியே போகும். 6697 வாயிலில் டி.எல்.எஸ். என்ற மறைக்குறியாக்கப் பாதுகாப்போடு இணையுங்கள்.

பழையமோடம் எழுதியது:

திண்ணைவாசி சொன்ன வழிமுறையில் குறையொன்றுமில்லை. ஆனால் கேள்வி கேட்டவர் மனத்தில், பெயர் என்பது வீட்டு மனைப் பட்டா போல ஒருவருக்குச் சொந்தமானது என்ற எண்ணம் இருப்பதாகத் தெரிகிறது. ஐ.ஆர்.சி.யில் அது அப்படி இருந்ததே இல்லை என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமாக விளங்கும்.

பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்காரினன் 1988 ஆகஸ்டில் இதை எழுதியபோது பெயருக்குக் கடவுச்சொல் என்ற ஏற்பாடே கிடையாது. 1993இல் வெளியான 1459ஆம் எண் ஆர்.எஃப்.சி. என்ற இணைய நெறிமுறை ஆவணத்தைப் படித்துப் பாருங்கள். ஒன்பது எழுத்துக்கு மிகாத பெயர், ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு ஒரே பெயர் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. நம் ஊரில் பேருந்து நின்றவுடன் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போமே, அதே முறைதான். நீங்கள் உட்கார்ந்திருக்கும் வரை அந்த இருக்கை உங்களுடையது. தேநீர் குடிக்க இறங்கினால், துண்டை விட்டுச்சென்ற நினைப்பு மட்டும்தான் உங்களுடையது. எஃப்நெட் என்ற பழைய ஐ.ஆர்.சி. வலையமைப்பு இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. அங்கே நிக்சர்வே கிடையாது. பெயருக்கு உரிமையாளர் இல்லை என்பது அவர்களின் கொள்கை. ஐ.ஆர்.சி.நெட்டும் அதே கட்சி. அண்டர்நெட், குவேக்நெட் ஆகிய இரண்டிலும் கணக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தக் கணக்கு உங்கள் நிக்கைப் பிடித்துவைக்காது.

அந்தக் காலத்தில் பெயரைக் காப்பாற்ற நாங்கள் செய்ததெல்லாம் எப்போதும் இணைந்தே இருப்பதுதான். இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் ஒரு கணினியில் எக்டிராப் போன்ற ஒரு தானியங்கி நிரலை ஏற்றி, பெயர் விடுபட்டவுடன் அதைப் பாய்ந்து பிடிக்கும்படி அமைத்துவைப்போம். எதிராளியும் அப்படியே வைத்திருப்பார். சர்வர்களுக்கு இடையிலான இணைப்பு அறுந்து வலையமைப்பு இரண்டு துண்டாகும் நேரம்தான் உண்மையான போர்க்களம். அந்தப் பக்கத்துச் சர்வரில் ஒருவர் உங்கள் பெயரைச் சூடிக்கொண்டு காத்திருப்பார். இரண்டு துண்டுகளும் மீண்டும் ஒட்டும்போது ஒரே பெயரில் இருவர் இருப்பதால், மோதல் என்று சொல்லி இருவரையும் சர்வர் தூக்கி வெளியே எறிந்துவிடும். பெயரைப் பறிக்க வேண்டும் என்பதுகூட இல்லை, உங்களைத் துரத்த வேண்டும் என்பதற்காகவே இதைச் செய்தவர்கள் உண்டு.

இதைத் தடுக்க இரண்டு வழிகள் தோன்றின. முதலில் வந்தவர் யார் என்பதை நேர முத்திரையைப் பார்த்துத் தீர்மானித்து, பின்னால் வந்தவரை மட்டும் வெளியேற்றுவது ஒரு வழி. பிளவில் காணாமல் போன பெயரைச் சிறிது நேரம் யாருமே எடுக்க முடியாதபடி பூட்டிவைப்பது இன்னொரு வழி. எது சரி என்பதில் அமெரிக்கச் சர்வர்க்காரர்களுக்கும் ஐரோப்பியச் சர்வர்க்காரர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. 1996 ஜூலையில் எஃப்நெட்டிலிருந்து ஐ.ஆர்.சி.நெட் பிரிந்துபோனதற்கு இருந்த காரணங்களில் இந்தப் பிணக்கும் ஒன்று. ஒரு புனைபெயரை எப்படிக் காப்பாற்றுவது என்ற சண்டைக்கு ஒரு கண்டமே பிரிந்துபோயிற்று என்று நாங்கள் கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்லிச் சிரிப்பதுண்டு.

1994இல் தொடங்கிய டால்நெட்தான் வேறு பாதையில் போனது. எஃப்நெட்டில் ஸ்டார் டிரெக் தொலைக்காட்சித் தொடர் பற்றிப் பேசிக்கொண்டிருந்த சேனல்காரர்கள் தொடங்கிய வலையமைப்பு அது. பெயரைப் பதிவு செய்வதற்கும் சேனலைப் பதிவு செய்வதற்கும் வலையமைப்பே சேவை நடத்தும் வழக்கத்தை அவர்கள்தாம் ஊன்றினார்கள். முப்பது எழுத்து வரை பெயர் வைக்கலாம் என்பதும் எங்களுக்கு அப்போது பெரிய ஆடம்பரமாக இருந்தது. இன்று லிபெராவில் பதினாறு எழுத்துதான்.

டால்நெட்டில் கற்ற ஒரு பாடத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நிக்சர்வ் என்பதும் வலையமைப்பில் இருக்கும் ஒரு பெயர்தான். சேவைகளே இல்லாத வலையமைப்பில் எவராவது அந்தப் பெயரைச் சூடிக்கொண்டு உட்கார்ந்தால், பழக்க தோஷத்தில் நீங்கள் அனுப்பும் கடவுச்சொல் நேராக அவர் மடியில் போய் விழும். அதனால்தான் டால்நெட்டில் வெறுமனே நிக்சர்வ் என்று எழுதாமல், அதன் பின்னால் அட் குறியிட்டு, சேவைகள் ஓடும் சர்வரின் முழுமுகவரியையும் சேர்த்து எழுதப் பழக்கினார்கள். அப்படி எழுதினால் அந்தச் சர்வரில் இருக்கும் உண்மையான சேவைக்கு மட்டுமே செய்தி போகும். லிபெராவில் அந்தப் பெயர் ஒதுக்கப்பட்டிருப்பதால் அங்கே கவலையில்லை. ஆனால் ஐந்தாறு வலையமைப்புகளில் ஒரே செயலியைக் கொண்டு இணைகிறவர்கள், நிக்சர்விடமிருந்து வருவது போல ஒரு செய்தியைக் கண்டவுடன் கடவுச்சொல்லை அனுப்பிவிடும் தானியங்கி நிரல்களை எழுதி வைத்திருக்கிறார்கள். அதை விடப் பெரிய மடமை எனக்குத் தெரியவில்லை.

பதிவு என்பதும் நிரந்தரமல்ல என்று கடைசியாக ஒன்று சொல்கிறேன். லிபெரா.சாட் எப்படிப் பிறந்தது என்பது பலருக்கும் நினைவிருக்கும். ஃபிரீநோட் வலையமைப்பின் கட்டுப்பாடு யாரிடம் இருப்பது என்ற தகராறில் அதன் தன்னார்வப் பணியாளர்கள் கூட்டமாக விலகி, 2021 மே 19 அன்று இந்தப் புதிய வலையமைப்பை அறிவித்தார்கள். அடுத்த மாதமே ஃபிரீநோட் தன் சர்வர் மென்பொருளை மாற்றியபோது, பழைய பெயர்ப் பதிவுகளும் சேனல் பதிவுகளும் கொண்டுவரப்படவில்லை. பதினைந்து ஆண்டு, இருபது ஆண்டு என்று ஒரே பெயரில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நாளில் புதிய ஆட்கள் ஆனார்கள். லிபெரா அறிவிக்கப்பட்ட அன்று நான் வெளியூரில் இருந்தேன். இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தபோது என் பழைய நிக்கை வேறொருவர் பதிவு செய்திருந்தார். இப்போது வேறு பெயரில்தான் இருக்கிறேன். பழகிப்போய்விட்டது.

நள்ளிரவுச்சுடர் எழுதியது:

மூத்தவர்கள் விரிவாக எழுதிவிட்டார்கள். நான் இல்லாத நேரத்தில் பெயரை யாரும் எடுக்க முடியாதா என்ற கேள்விக்கு நேரடியான பதில் வரவில்லை என்பதால் அதை மட்டும் சொல்கிறேன்.

லிபெராவில் வெறும் பதிவு மட்டும் செய்திருந்தால், வேறொருவர் உங்கள் பெயரைச் சூட முடியும். இது பதிவான பெயர் என்று நிக்சர்வ் அவருக்கு ஓர் அறிவிப்பைக் காட்டுமே தவிர, அவரை விரட்டாது. விரட்ட வேண்டுமென்றால் ‘செட் என்ஃபோர்ஸ் ஆன்’ என்ற அமைப்பை நீங்களே இயக்கிவைக்க வேண்டும். அதன் பிறகு, உங்கள் பெயரை எடுப்பவருக்கு முப்பது விநாடி அவகாசம் தரப்படும். அதற்குள் அவர் அந்தக் கணக்கில் நுழையாவிட்டால், அவரது பெயர் கெஸ்ட் என்ற சொல்லும் ஓர் எண்ணுமாக மாற்றப்பட்டுவிடும்.

இதை உடனே இயக்கிவிடுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். எஸ்.ஏ.எஸ்.எல். சரியாக வேலை செய்கிறதா என்று சில நாள் பார்த்த பிறகே இதை இயக்குங்கள். கடவுச்சொல்லை ஒவ்வொரு முறையும் கையால் தட்டுகிறவருக்கு, மெதுவான கைப்பேசி இணைப்பில் முப்பது விநாடி என்பது ஒன்றுமேயில்லை. திருடனுக்காகப் போட்ட பூட்டில் நீங்களே வெளியே நிற்பீர்கள். எனக்கு மின்வெட்டு நாட்களில் இது பலமுறை நேர்ந்திருக்கிறது.

மின்வெட்டு என்றதும் இன்னொன்று. இணைப்பு சட்டென்று அறுந்தால், அது அறுந்தது சர்வருக்குச் சில நிமிடம் தெரியாது. நீங்கள் திரும்பி வரும்போது உங்கள் பழைய உருவமே உங்கள் பெயரில் உட்கார்ந்திருக்கும். 433 பிழை பெரும்பாலும் வருவது இதனால்தான். இதற்கு ஆவி என்ற பொருளில் ‘கோஸ்ட்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வேறொரு பெயரில் இணைந்து, கணக்கில் நுழைந்து, நிக்சர்வுக்கு ‘கோஸ்ட்’ என்ற கட்டளையை அந்தப் பெயரோடு அனுப்பினால் ஆவி துரத்தப்படும். ‘ரீகெயின்’ என்ற கட்டளையோ துரத்துவதோடு நில்லாமல் அந்தப் பெயரை உங்களுக்கு உடனே சூட்டியும் விடும், ஆகவே நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். உட்கார்ந்திருப்பது ஆவியா அந்நியரா என்பதைப் பற்றி அது கவலைப்படாது. என்ஃபோர்ஸ் இயக்கத்தில் இல்லாவிட்டாலும் வேலை செய்யும்.

கரிசல்வெளி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கடவுச்சொல்லை வேறு இரண்டு இடங்களிலும் வைத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன், இரண்டையும் மாற்றிவிட்டேன்.

பழைய பெயரைப் பற்றி நிக்சர்விடம் விசாரித்தேன். அவர் என்னைவிட இரண்டு நாள் முந்திக்கொண்டு பதிவு செய்துவிட்டார். அவரிடம் பேசிப் பார்த்ததில், ஒருங்கிணைப்பாளரின் கேள்விக்குப் பதில் சொன்னதற்காக அவர்தான் என்னிடம் வருத்தம் தெரிவித்தார். ஆகவே அந்தப் பெயரோடு ஒரு கீழ்க்கோட்டையும் என் ஊரின் சுருக்கத்தையும் சேர்த்து, புதிய பெயராகப் பதிவு செய்து, மின்னஞ்சல் குறியீட்டையும் அனுப்பி, எஸ்.ஏ.எஸ்.எல்.லும் அமைத்துவிட்டேன். இதற்கு முன் உள்ளே விடாமல் 477 என்ற எண்ணைக் காட்டி மறுத்துக்கொண்டிருந்த ஒரு சேனல் இப்போது திறந்துகொண்டது.

ஆனால் இதனால் புதிதாக ஒரு சிக்கல். இரண்டு பெயர்களும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருப்பதால், யார் எவர் என்று ஒருங்கிணைப்பாளர் எப்படித் தெரிந்துகொள்வார்? பேசாமல் தமிழ் எழுத்திலேயே பெயர் வைத்துவிட்டால் குழப்பம் தீரும் என்று முயன்றேன். 432 என்று ஒரு பிழை வந்தது.

திண்ணைவாசி எழுதியது:

432 என்பது, அந்தப் பெயரில் ஏற்கத் தகாத எழுத்து இருக்கிறது என்று சர்வர் சொல்வது. லிபெராவில் ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு, கீழ்க்கோடு, சில அடைப்புக்குறிகள், வேறு சில குறிகள் ஆகியவற்றைத்தான் பெயரில் வைக்கலாம். எண்ணிலோ இடைக்கோட்டிலோ பெயர் தொடங்கவும் கூடாது. சேனலில் தமிழில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், பெயர்ப்பலகை மட்டும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பது எனக்கும் நெடுநாளைய மனக்குறை. எர்கோ என்ற புதிய சர்வர் மென்பொருளில், சர்வரை நடத்துபவர் அனுமதித்தால், யூனிகோடு எழுத்துகளில் பெயர் வைக்கலாம். பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகளைக் கொண்டு ஒருவரைப்போல் இன்னொருவர் நடிப்பதைத் தடுக்கும் சோதனையும் அதில் உண்டு. நண்பர்கள் சேர்ந்து சொந்தமாக ஒரு சர்வர் நடத்தினால் அது நல்ல தேர்வு. ஆனால் உங்கள் திட்டம் இருப்பது லிபெராவில்.

நீங்கள் கேட்ட குழப்பம் தமிழ்ப் பெயர் வைத்தாலும் தீராது. ஆங்கிலப் பெரிய ‘ஐ’யும் சின்ன ‘எல்’லும் பல எழுத்துருக்களில் ஒரே கோடாகத்தான் தெரிகின்றன; சுழியத்துக்கும் ‘ஓ’வுக்கும் அதே கதை. வேடிக்கையாக இன்னொன்று சொல்கிறேன். ஐ.ஆர்.சி. பின்லாந்தில் பிறந்ததால், வளைந்த அடைப்புக்குறியைச் சதுர அடைப்புக்குறியின் சின்ன எழுத்தாகக் கருதும் மரபு பழைய விதிகளிலேயே இருக்கிறது. ஏனென்றால் அக்காலத்து ஸ்காண்டினேவிய எழுத்துக்குறியாக்கங்களில் அந்தக் குறிகளின் இடங்களில் அவர்களுடைய உயிரெழுத்துகள் இருந்தன. ஆகவே சதுர அடைப்புக்குறியோடு ஒருவர் பெயர் வைத்திருந்தால், வளைந்த அடைப்புக்குறியோடு வேறொருவர் அதை வைக்க முடியாது. இந்த ஓர் ஒற்றுமையைச் சர்வர் பார்க்கிறது. நம் கண்ணை ஏமாற்றும் மற்ற ஒற்றுமைகளைப் பார்ப்பதில்லை.

எனவே ஒருங்கிணைப்பாளரிடம், பெயரைப் பார்க்காமல் கணக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ‘ஹூயிஸ்’ என்ற கட்டளையை உங்கள் பெயரோடு அவர் அனுப்பினால், வரும் வரிகளில் ஒன்று நீங்கள் இன்ன கணக்கில் நுழைந்திருக்கிறீர்கள் என்று சொல்லும். அந்த வரி சர்வர் எழுதுவது. அதைப் போலியாக உண்டாக்க எந்தப் பயனராலும் முடியாது. அந்த வரியே இல்லையென்றால், பெயர் எவ்வளவு பழக்கமானதாக இருந்தாலும், பேசுவது யார் என்று தெரியாது என்றுதான் பொருள். நீங்கள் நாளை வேறு பெயர் சூடினாலும் கணக்கு மாறாது. சேனலில் உங்களுக்குத் தரப்படும் பொறுப்புகளும் கணக்கின் பேரில்தான் குறிக்கப்படுகின்றன. இன்னொரு பெயரையும் வைத்துக்கொள்ள ஆசை என்றால், அதைச் சூடிக்கொண்டு கணக்கில் நுழைந்து ‘குரூப்’ என்ற கட்டளையைக் கொடுங்கள். இரண்டு பெயரும் ஒரே கணக்கின் கீழ் வந்துவிடும். புதிய பெயருக்கு இன்னொரு முறை ‘ரெஜிஸ்டர்’ செய்து தனித்தனிக் கணக்குகளாக்கிக்கொள்ளாதீர்கள்.

பழையமோடம் எழுதியது:

கணக்கைப் பார் என்று திண்ணைவாசி சொன்னதைத்தான் நான் முந்தைய பதிலில் சுற்றி வளைத்துச் சொல்ல முயன்றேன். கொஞ்சம் தொழில்நுட்ப ஆர்வம் இருந்தால், கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சான்றிதழைக் கொண்டே நுழையும் முறையையும் முயன்று பாருங்கள். சொந்தமாக ஒரு சான்றிதழை உருவாக்கி, அதன் கைரேகையை, அதாவது அதை அடையாளம் காட்டும் குறியீட்டை, ‘செர்ட் ஆட்’ என்ற கட்டளையால் நிக்சர்விடம் பதிந்துவைத்தால், அந்தச் சான்றிதழ்க் கோப்பு இருக்கும் கணினியிலிருந்து நீங்கள் இணைந்தாலே கணக்கு அடையாளம் காணப்படும். கோப்பைத் தொலைத்தால் கடவுச்சொல்லைக் கொண்டு நுழைந்து புதிய கைரேகையைச் சேர்க்கலாம்.

அடுத்த திருவிழாவுக்குப் பத்து நாள் போவதாக இருந்தால், சிறிய சர்வர் ஒன்றில் இசட்.என்.சி. போன்ற இடைநிலை மென்பொருளை ஓடவிட்டுப் போகலாம். நீங்கள் கணினியை அணைத்தாலும் அது உங்கள் பெயரில் இணைந்தே இருக்கும். உங்களைக் கேட்டு வந்த செய்திகளைச் சேர்த்துவைத்துத் திரும்பி வந்ததும் காட்டும். நீங்கள் இல்லாதபோது ஒருங்கிணைப்பாளர் கேட்ட கேள்வி வேறொருவர் காதில் விழாமல் உங்களுக்கே காத்திருந்திருக்கும்.

கரிசல்வெளி எழுதியது:

ஹூயிஸ் கட்டளையை ஒருங்கிணைப்பாளருக்குக் காட்டினேன். இத்தனை ஆண்டுகளாக அதை அவர் ஒருவருடைய இணைய முகவரியைப் பார்ப்பதற்கு மட்டுமே பயன்படுத்தி வந்தாராம். சான்றிதழை இந்த வார இறுதியில் முயல்கிறேன்.

கடைசியாக ஒன்று. திண்ணைவாசி எச்சரித்திருந்தும், அவசரத்தில் என் கல்லூரி மின்னஞ்சலைக் கொடுத்தே பதிவு செய்துவிட்டேன். வரும் மே மாதத்தோடு படிப்பு முடிகிறது, அந்த முகவரியும் அதோடு மூடப்படும். கணக்கை அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்ய வேண்டுமா?

நள்ளிரவுச்சுடர் எழுதியது:

அழிக்க வேண்டாம். கணக்கில் நுழைந்திருக்கும்போது நிக்சர்வுக்கு ‘செட் இமெயில்’ என்று எழுதிப் புதிய முகவரியை அனுப்புங்கள். அந்தப் புதிய முகவரிக்கு ஒரு குறியீடு வரும், பதிவின்போது செய்தது போலவே அதை உறுதிசெய்ய வேண்டும். அதுவரை பழைய முகவரிதான் கணக்கில் இருக்கும். மே மாதம் வரை காத்திருக்காமல் இன்று இரவே செய்துவிடுங்கள்.

பழைய கடவுச்சொல் சேனலில் விழுந்தபோது கூடவே விழுந்த முகவரி இந்தக் கல்லூரி முகவரிதானா? அப்படியென்றால் மாற்றுவதற்கு அது இன்னொரு காரணம்.

கரிசல்வெளி எழுதியது:

அதேதான். மாற்றிவிட்டேன், குறியீடும் வந்துவிட்டது. இந்த முறை சர்வர் சன்னலில்தான் தட்டினேன்.